புது டிராக்டரில் எண்ணெய்க் கசிவு: வாரண்டி மறுக்கப்பட்டால் செய்ய வேண்டியவை

புதிதாக வாங்கிய டிராக்டரின் அடியில் எண்ணெய் சொட்டுவதைக் கண்டவுடன் பலரும் ஷோரூமுக்குத் தொலைபேசியில் சொல்வதோடு நிறுத்திவிடுகிறார்கள். வரும் மெக்கானிக் இரண்டு போல்ட்டை முடுக்கிவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லிப் போய்விடுவார். சில மாதங்கள் கழித்து அதே இடத்தில் மறுபடி வழியும்போது, முதலில் கசிந்ததற்கு எந்த எழுத்துச் சான்றும் விவசாயியின் கையில் இருக்காது. எண்ணெய் எங்கிருந்து வந்தது, அதை எந்தத் தேதியில் யாரிடம் எழுதிக் கொடுத்தோம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை வைத்திருப்பவருக்கே வாரண்டித் தகராறில் பேசுவதற்கு இடம் இருக்கும்.

முதலில் கசியும் இடத்தை உறுதிசெய்து கொள்ள வேண்டும். எண்ணெய் காற்றிலும் அதிர்விலும் பின்னோக்கிப் பரவுவதால், சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. சந்தேகப்படும் பகுதியை டீசலில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து, முகப்பவுடரை மெலிதாகத் தூவி, இன்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்தினால், முதலில் ஈரமாகும் கோடு கசிவின் தொடக்கத்தைக் காட்டிவிடும். நிறமும் துப்புக் கொடுக்கும்: கருத்திருந்தால் இன்ஜின் ஆயில், பொன்னிறமாக இருந்தால் கியர்பெட்டி அல்லது ஹைட்ராலிக் ஆயில், பால்போல வெளுத்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் நடுவில் இருக்கும் கூடான கிளட்ச் ஹவுசிங்கின் அடியில் உள்ள சிறு துளை வழியாகக் கருப்பு எண்ணெய் சொட்டினால் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாப்டின் பின்பக்க ஆயில் சீலையும் (எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் வளையம்), பொன்னிற எண்ணெய் சொட்டினால் கியர்பெட்டியின் முன்பக்க சீலையும் சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் மாற்றுவதற்கு டிராக்டரை நடுவில் பிரித்தாக வேண்டும் என்பதால், டீலர் தட்டிக்கழிக்கப் பார்க்கும் வேலைகளில் இவையே முதன்மையானவை.

ஆயில் சீலை மாற்றிய பிறகும் கசிவு திரும்பத் திரும்ப வந்தால், புது சீலின் மீதே பழியைப் போடுவதற்கு முன் இரண்டு இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றுப் போக்கியான பிரீதர் சேறு படிந்து அடைத்திருந்தால், உள்ளே அழுத்தம் ஏறி எந்த சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். இது சில நிமிடங்களில் தீர்ந்துவிடும் கோளாறு. மற்றொன்று, சீல் உட்காரும் சுழல் தண்டான ஷாப்டின் மேற்பரப்பு. பிரித்து வைத்திருக்கும்போது அங்கே நகத்தை வைத்து இழுத்துப் பார்த்து, நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளம் இருந்தால், எத்தனை சீல் போட்டாலும் நிற்காது. அந்தப் பள்ளத்தை அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் கழற்றிய பழைய பாகங்களை வாரண்டிக் கணக்குக்காகக் கம்பெனி திரும்பப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் உண்டு; பிறகு அவற்றை நாம் பார்க்க முடியாது.

அடுத்தது ஜாப் கார்டு, அதாவது புகாரையும் செய்த வேலையையும் ஷோரூம் பதியும் தாள். ஷோரூம் ஆட்கள் ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதிக் கையெழுத்துக் கேட்டால் போடக் கூடாது. ‘ஹவர் மீட்டர் 212 மணி, இடது பின் ஆக்சிலில் எண்ணெய் வழிந்து பிரேக் பக்கம் நனைகிறது, இதே புகாருக்காக முன்பும் சீல் மாற்றப்பட்டது’ என்பதுபோல மணிக்கணக்கு, இடம், முந்தைய வேலை மூன்றும் தெரியும்படி எழுதச் சொல்லி, நகலையோ கைப்பேசிப் படத்தையோ வைத்துக்கொள்ள வேண்டும். மெக்கானிக் வயலுக்கே வந்து வேலை பார்த்தாலும் ஜாப் கார்டு போடச் சொல்லுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, ஏர் கலப்பையோ ரோட்டவேட்டரோ மாட்டிச் சுமையில் ஓட்டிப் பார்க்காமல் ‘வேலை திருப்தி’ என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பிற்பாடு எதிர்த்தரப்பு எடுத்து நீட்டும் முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

வாரண்டி மறுக்கப்படும்போது காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: ஆயில் சீல் தேய்மானப் பொருள், சர்வீஸ் காலத்தில் செய்யப்படவில்லை, சேற்றுழவில் ஓட்டியதால் கெட்டது. முதலாவதற்கு வாரண்டிப் புத்தகத்தின் விலக்குப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். சீல் விலக்கப்பட்டிருந்தாலும், அதைக் கெடுத்த ஷாப்டோ பேரிங்கோ விலக்கப்படாமல் இருக்கலாம். இரண்டாவதற்கு சர்வீஸ் கூப்பன்களும், எண்ணெய் வாங்கிய பில்லும் பதில் சொல்லும். மூன்றாவது வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு: சேற்றுழவுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரமான கேஜ் வீல் மாட்டி அச்சு மூழ்கும் சேற்றில் ஓட்டினால் சீலுக்குள் மண் புகும். ஆனால் நெல் வயலில் உழுவதற்கென்றே விற்கப்பட்ட வண்டிக்கு அது தவறான பயன்பாடு ஆகுமா என்பது கேட்கத்தக்க கேள்வி. ஆகவே சேற்றுழவுக்கு ஏற்றது என்று சொல்லும் விளம்பரத் தாளோ விலைப்புள்ளியோ கையில் இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

பிறகு டீலர், உற்பத்தியாளர் இருவருக்கும் ஒரே கடிதத்தை ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்பி, அதையே மின்னஞ்சலிலும் அனுப்ப வேண்டும். சேசிஸ் எண், இன்ஜின் எண், வாங்கிய தேதி, ஒவ்வொரு ஜாப் கார்டின் தேதி, நீங்கள் கேட்பது என்ன, எத்தனை நாளில் என்பவை அதில் இருந்தால் போதும். கோபத்தை எழுதினால் கடிதம் நீளுமே தவிர வலுப்பெறாது. இந்தத் தகராறைக் காரணம் காட்டி வங்கித் தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் ஒப்பந்தம் தனி. தவணை தவறினால் வண்டியே கைவிட்டுப் போகலாம். வண்டி நின்ற நாட்களில் வாடகை டிராக்டர் வைத்து உழுதிருந்தால், அதற்கான ரசீதை அன்றே எழுதி வாங்குங்கள்.

பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். இது சமரச முயற்சி மட்டுமே. உத்தரவு போடும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கே உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும் என்பதால், டிராக்டர் வழக்கு பெரும்பாலும் அங்கேதான் வரும். கட்டணம் 5 லட்சம் வரை இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். ‘அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறோம்’ என்று சொல்லிக் காலம் கடத்துபவர்களை நம்பி இந்தக் கெடுவை விட்டுவிடக் கூடாது, கசிவு முதலில் தெரிந்த நாளிலிருந்தே கணக்கிட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

புகார் மனுவில் இரண்டு வரிகள் தவறாமல் இருக்க வேண்டும். வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்று சட்டம் சொல்கிறது; சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்கு மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு அதில் விலக்கு உண்டு. எனவே சொந்த நிலத்துக்கும், தானே ஓட்டிச் சம்பாதிப்பதற்கும் வாங்கியது என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். பல டிராக்டர்களை ஆள் வைத்து வாடகைக்கு ஓட்டுபவருக்கு இந்த வாதம் எளிதில் பலிக்காது. இரண்டாவதாக, நிபுணரைக் கொண்டு வண்டியைப் பரிசோதிக்க வேண்டும் என்ற கோரிக்கை. உற்பத்திக் குறைபாடு என்று வாயால் சொன்னால் ஆணையம் ஏற்காது. நிபுணர் அறிக்கை வேண்டும்.

கேட்பதிலும் அளவு வேண்டும். பாகத்தை மாற்றித் தீர்க்கக்கூடிய கோளாறுக்கு முழு வண்டியையும் மாற்றித் தரக் கேட்க முடியாது என்ற பார்வையை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஒரு கார் வழக்கில் எடுத்திருக்கிறது. ஆகவே புது வண்டி வேண்டும் என்பதை மட்டும் கேட்காமல், முடியாத பட்சத்தில் ஷாப்ட் உள்ளிட்ட பாகங்களை இலவசமாக மாற்றுதல், நீட்டித்த வாரண்டி, வாடகை நஷ்டம், மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு என்று மாற்றுக் கோரிக்கைகளையும் வரிசையாக எழுதுங்கள்.

நோட்டீஸ் கிடைத்த எதிர்த்தரப்பு 30 நாட்களிலும், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாட்களிலும் பதிலுரை தாக்கல் செய்ய வேண்டும். இடையில் சமரசத்துக்கு அழைத்தால் போகலாம், ஆனால் ஒப்புக்கொண்டது எதுவாயினும் ஆணையத்தின் முன் எழுத்தில் பதிவாக வேண்டும். தீர்ப்பு பாதகமானால் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்ய 45 நாட்கள் உண்டு. சாதகமாக வந்தும் டீலரோ கம்பெனியோ நிறைவேற்றவில்லை என்றால், அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனுப் போடலாம். உத்தரவை மதிக்காதவருக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தின் 72-ஆம் பிரிவு இடம் தருகிறது.