மூன்றாவது கோட்டை முதலில் பாருங்கள்
நாலு நிறக் கோடு போட்ட ரெசிஸ்டர் (மின்தடை) கையில் வந்தால், தங்க நிறக் கோட்டை வலப்பக்கம் வைத்துக்கொண்டு மூன்றாவது கோட்டை முதலில் பாருங்கள். அது பழுப்பு என்றால் மதிப்பு நூற்றுக்கணக்கான ஓம், சிவப்பு என்றால் 1 முதல் 10 கிலோ ஓமுக்குள், ஆரஞ்சு 10 கிலோவிலிருந்து, மஞ்சள் 100 கிலோவிலிருந்து. பர்மா பஜாரில் வாங்கிய பழைய போர்டிலிருந்து கழற்றிப் போட்ட குவியலைப் பிரிக்க இதுவே போதும், மின்தடை அளக்கும் மீட்டரைத் தேட வேண்டாம்.

முதல் இரண்டு கோடும் இலக்கங்கள், மூன்றாவது கோடு அவற்றுக்குப் பின் எத்தனை பூஜ்யம் என்று சொல்கிறது, அவ்வளவுதான். மஞ்சள், ஊதா, சிவப்பு: 4, 7, இரண்டு பூஜ்யம், அதாவது 4.7 கிலோ. கடையில் சாதாரணமாகக் கிடைப்பவை 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று தொடங்குபவைதான். நீங்கள் படித்தது 37 என்று வந்தால், ஊதாவுக்கு முன்னால் இருப்பது ஆரஞ்சு இல்லை, மங்கிய மஞ்சளாக இருக்கலாம். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் இந்த நிறங்கள் நன்றாகவே ஏமாற்றும். போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள்.

ஐந்து கோடு இருந்தால் இது செல்லாது. நீல உடம்போடு வரும் ஒரு சதவீதப் பிழை வரம்புள்ள ரகம் பெரும்பாலும் அப்படித்தான்: அதில் மூன்றாவதும் ஓர் இலக்கம், பூஜ்யக் கணக்கு நாலாவதில். சூட்டில் கருகியதிலும் நிறத்தை நம்பாதீர்கள். போர்டில் இருந்தால் அதன் ஒரு கம்பிக் காலைக் கழற்றி மீட்டரில் வையுங்கள்.