ஈரக் காற்றில் பழைய சிந்தசைசர்: டிஎக்ஸ்7-ஐ மறுபடி வாசிக்க வைப்பது

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பழைய இசைக்குழுக்காரர் வீட்டுப் பரணிலோ, கோயில் சாமான் அறையிலோ துணி சுற்றிக் கிடக்கும் யமஹா டிஎக்ஸ்7 சிந்தசைசர் (மின்னணு கீபோர்டு) ஒன்று உங்கள் கைக்கு வந்தால், உடனே கரண்டில் மாட்டாதீர்கள். 1983-இல் வெளிவந்த கருவி அது. பெரும்பாலும் செத்திருக்காது. பேட்டரி தீரும் நிலையில் இருக்கும், ஸ்லைடரில் தூசி படிந்திருக்கும், மின்சாரப் பகுதியில் ஏதாவது கெப்பாசிட்டர் காய்ந்திருக்கும். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேட்டரியின் பலத்தில் நிற்கும் அதன் நினைவில் 32 ஒலிகள் இருக்கின்றன. முன்பு வாசித்தவர் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து திருத்தி வைத்த ஒலிகளாக அவை இருக்கலாம். வேறொரு டிஎக்ஸ்7 எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், அந்த ஒலிகளை எங்கும் வாங்க முடியாது. அதனால் இங்கே சொல்லும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் கரண்ட், அடுத்து ஒலிகளைக் காப்பாற்றுவது, மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

கரண்ட்

பின்பக்கத் தகட்டில் எத்தனை வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானிலிருந்து செகண்ட் ஹேண்டாக வந்த கருவி என்றால் தகட்டில் 100 வோல்ட் என்று இருக்கும். அதை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டினால் ஃபியூஸ் போவது உங்கள் அதிர்ஷ்டம், டிரான்ஸ்பார்மரே கருகுவதுதான் அதிகம். கடையில் வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்-டவுன் பெட்டி கேட்டால் பெரும்பாலும் 110 வோல்ட் பெட்டியைத்தான் எடுத்துத் தருவார்கள். நம் லைனில் 240 ஏறும் நேரத்தில் அந்தப் பெட்டி 115 கொடுக்கும். 100 வோல்ட் கருவிக்கு அது 15 சதவீதம் கூடுதல், உள்ளே ரெகுலேட்டர் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். 100 வோல்ட் என்றே எழுதிய பெட்டியைக் கேட்டு வாங்குங்கள். 230 வோல்ட் கருவி என்றால் மூன்று பின் பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸை எடுத்துவிட்டு 3 ஆம்பியர் போடுங்கள்.

பல வருஷம் சும்மா கிடந்த கருவியை முதல் தடவை ஏற்றும்போது, லைன் கம்பியில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து ஏற்றுவது நல்லது. எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் பயமில்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். இந்த இணைப்பைச் செய்து பழக்கமில்லாதவர்கள் வயர்மேனிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். 230 வோல்ட்டில் கற்றுக்கொள்ளும் விளையாட்டு வேண்டாம்.

ஏற்றுவதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். நம் பக்கத்தில் பல்லி முட்டை, எறும்புக் கூடு, கரப்பான் எச்சம் மூன்றும் சகஜம். பல்லி எச்சம் ஈரத்தோடு சேர்ந்தால் செம்புத் தடத்தை அரித்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுத்து, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். மருந்துக்கடை 70 சதவீதத்தில் தண்ணீர் அதிகம், அது வேண்டாம்.

ஏற்றியதும் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்டால் அதன் சுருதியைக் கவனியுங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் எர்த் கோளாறு. வேறு சாக்கெட்டில் மாட்டினாலோ, மிக்சரும் கீபோர்டும் ஒரே எக்ஸ்டென்ஷனில் இருந்தாலோ குறையும். 100 ஹெர்ட்ஸ், அதாவது அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே கேட்டால், மின்சாரப் பகுதியின் பெரிய கெப்பாசிட்டர்கள் வலுவிழந்துவிட்டன. இரண்டாவதைத் தள்ளிப் போடக் கூடாது.

ஒலிகளைக் கணினிக்கு எடுப்பது

திரையில் ஒலிகளின் பெயர்கள் ஒழுங்காகத் தெரிந்தால் பேட்டரிக்கு இன்னும் உயிர் இருக்கிறது. ஃபங்ஷன் பட்டனை அழுத்தி 14-ஐ அழுத்தினால் பேட்டரி வோல்ட்டைக் காட்டும். புதியது 3 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். எண் எதுவாக இருந்தாலும் முதலில் ஒலிகளை எடுத்துவிடுங்கள்.

டிஎக்ஸ்7-இன் மிடி அவுட்டிலிருந்து கணினிக்கு ஒரு மிடி இணைப்பு வேண்டும் (மிடி என்பது இசைக் கருவிகளும் கணினியும் தகவல் பரிமாறும் முறை). விண்டோஸ் என்றால் மிடி-ஆக்ஸ், மேக் என்றால் சிசெக்ஸ் லைப்ரேரியன், இரண்டும் இலவசம். மென்பொருளைப் பெறும் நிலையில் வைத்துவிட்டு, கருவியில் ஃபங்ஷன், பிறகு 8. முதல் தடவை மிடி சானல் வரும். மறுபடி 8-ஐ அழுத்தினால் சிஸ் இன்ஃபோ அன்அவெயில் என்று வரும், அங்கே யெஸ் (YES) பட்டனை அழுத்தி அவெயில் ஆக்குங்கள். மூன்றாவது தடவை 8-ஐ அழுத்தினால் மிடி டிரான்ஸ்மிட் என்று கேட்கும். யெஸ் அழுத்துங்கள். சிஸ் இன்ஃபோ அவெயில் ஆகாத வரை இந்தக் கேள்வியே வராது. பலர் இங்கேதான் மாட்டிக்கொண்டு கருவியில் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள்.

32 ஒலிகளும் சேர்ந்து 4,104 பைட். மிடி வேகத்தில் ஒன்றரை நொடிகூட ஆகாது. வந்த கோப்பின் அளவை உடனே பாருங்கள். 4,104-க்கு ஒரு பைட் குறைந்தாலும் அந்தக் கோப்பு பயனில்லை. குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் மலிவான யுஎஸ்பி மிடி கேபிள்: ஒற்றை நோட்டுகளை ஒழுங்காக அனுப்பும், இவ்வளவு நீளமான செய்தி வந்தால் நடுவில் விழுங்கிவிடும். நீங்கள் காசு செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இது. ஐந்து பின் மிடி துளை உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் யாரிடமாவது இருந்தால் இரவல் வாங்கினாலும் போதும். கோப்பு கிடைத்ததும் டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருளில் திறந்து நாலைந்து ஒலிகளை வாசித்துப் பாருங்கள். அது டிஎக்ஸ்7 கோப்புகளை அப்படியே படிக்கும். சரியாக ஒலித்தால் இரண்டு இடத்தில் நகல் வையுங்கள், ஒலிகளை உருவாக்கியவர் இருந்தால் அவருக்கும் ஒன்று கொடுங்கள்.

பேட்டரி

உள்ளே இருப்பது சிஆர்2032 வகை, கால்களோடு போர்டில் ஈயம் வைத்து ஒட்டியது. அதே மாதிரி இன்னொன்றை ஒட்டாமல், ஒரு ஹோல்டர் வைத்துவிட்டால் அடுத்த தடவை ஸ்க்ரூடிரைவர் மட்டும் போதும். தேவை: சிஆர்2032 ஹோல்டர், 30 அல்லது 40 வாட் சோல்டரிங் அயர்ன், 0.8 மில்லிமீட்டர் ஈயக் கம்பி, ஈயம் உறிஞ்சும் பம்ப், மல்டிமீட்டர். ஈப்போ கடைகளில் ஹோல்டர் இல்லையென்றால் கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் சில வெள்ளிக்குக் கிடைக்கும்.

பழையதை எடுப்பதற்கு முன் எந்தத் துளை பிளஸ் என்று போன் கேமராவில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு காலிலும் மூன்று நொடிக்கு மேல் சூடு வைக்காதீர்கள். வராவிட்டால் இழுக்க வேண்டாம், புது ஈயம் கொஞ்சம் சேர்த்து மறுபடி உறிஞ்சுங்கள். பழைய போர்டில் இழுத்தால் கால் வராது, செம்பு வளையம் உரிந்து வரும். ஹோல்டரின் கால்கள் துளைக்குப் பொருந்தாவிட்டால் இரண்டு சிறு கம்பிகளால் இணைத்து, ஹோல்டரைக் காலியான இடத்தில் இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். பேட்டரியின் மேலேயே நேராக ஈயம் வைப்பதை மட்டும் செய்யவே கூடாது, சூட்டில் வெடிக்கும். கடையில் வாங்கிய புதுப் பேட்டரியையும் மீட்டரில் பாருங்கள். நம் வெயிலில் அலமாரியில் கிடந்தவை பல.

மூடி, ஏற்றினால் ஒலிப் பெயர்களில் குப்பை எழுத்துகள் வரும். பதற வேண்டாம், நினைவு காலியாகிவிட்டது, அவ்வளவுதான். மெமரி புரொடெக்ட் இன்டர்னல் பட்டனை அழுத்தி நோ கொடுத்துப் பூட்டைத் திறங்கள், சிஸ் இன்ஃபோவை மறுபடி அவெயில் ஆக்குங்கள், கணினியிலிருந்து கோப்பை அனுப்புங்கள். பூட்டைத் திறக்காவிட்டால் எத்தனை தடவை அனுப்பினாலும் உள்ளே போகாது.

ஸ்லைடர்

கோயில் மேடையில் வாசித்த கருவி என்றால் ஸ்லைடர் பள்ளத்தில் விபூதித் தூள் இறுகியிருக்கும், நகர்த்தினால் கரகரக்கும். முதலில் வாக்கூம் வைத்து உறிஞ்சுங்கள். தெளிக்கும் மருந்தை முதலில் விட்டால் விபூதி குழைந்து இன்னும் ஆழமாகப் போகும். பிறகு ஃபேடருக்கென்றே விற்கும் கிளீனரை இரண்டு துளி விட்டு, இருபது தடவை மேலும் கீழும் தள்ளுங்கள். வீட்டுக் கதவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரே வேண்டாம், அதன் பிசுபிசுப்பில் தூசி மறுபடி ஒட்டும்.

நம் பாட்டுக்கு ஏற்றபடி

நமக்கு வேண்டியது கமகம். ஃபங்ஷன் 2-இல் மோனோ (ஒரு நேரத்தில் ஒரே நோட்டு), 5-இல் ஃபிங்கர்ட் போர்ட்டா, 6-இல் கிளிசாண்டோ ஆஃப், 7-இல் போர்ட்டமென்டோ நேரம் 25-இலிருந்து 40-க்குள் வைத்துப் பாருங்கள். ஒரு கீயை விடாமல் அடுத்ததைத் தொட்டால் மட்டும் சுருதி வழுக்கும், விட்டு அடித்தால் வழுக்காது. நாதஸ்வரச் சாயலுக்கு இது அருமை. பிட்ச் பெண்ட் ரேஞ்சை 3-இல் 2 ஆக வையுங்கள், 4-இல் ஸ்டெப் 0 ஆக இருக்கட்டும். ஸ்டெப் வேறு எண்ணில் இருந்தால் சக்கரம் படிப்படியாகத் தாவும், கமகம் பாழாகும்.

மேடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. இந்த ஃபங்ஷன் அமைப்புகள் ஒலியோடு சேர்ந்து பதிவாகாது, மொத்தக் கருவிக்கும் ஒன்றுதான். நாதஸ்வரச் சாயலிலிருந்து பியானோவுக்குப் போகும்போது பாலி (பல நோட்டு) ஆக்க மறந்தால், பல கீகளைச் சேர்த்துப் பிடித்தாலும் ஒரே நோட்டுதான் வரும். கீ டிரான்ஸ்போஸ் இதற்கு நேர்மாறு, ஒவ்வொரு ஒலிக்கும் தனித்தனி. பாடகர் ஒன்றரைக் கட்டை கேட்டு ஒரு ஒலியை மாற்றிவிட்டு அடுத்த ஒலிக்குப் போனால் அது பழைய சுருதியிலேயே நிற்கும். பஜனைக்கு வேண்டிய ஐந்தாறு ஒலிகளை அந்தந்தக் கட்டையில் தனியாகச் சேமித்து வைத்துவிடுங்கள்.

ராத்திரி மேடையில் திரை தெரியாது என்பது நியாயமான குறை, அதில் பின்வெளிச்சமே கிடையாது. 16 எழுத்து, 2 வரி கொண்ட எல்இடி வெளிச்சத் திரையை மாற்றிப் போடலாம். புதுத் திரையின் கால் வரிசை பழையதோடு ஒத்துப்போகிறதா என்று சர்க்யூட் வரைபடத்தை வைத்துப் பார்த்த பிறகே கம்பியைத் தொடுங்கள்.

ஜூனோவும் பாலிசிக்ஸும் கிடைத்தால்

1984-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106 சிந்தசைசருக்கு வேறொரு நோய். பாலி 1 நிலையில் ஒரே கீயை ஆறு தடவை அழுத்துங்கள். ஆறில் ஒரு தடவை மட்டும் ஒலி வராமலோ கரகரத்தோ இருந்தால் ஆறு குரல்களில் ஒன்று போய்விட்டது. கீ டிரான்ஸ்போஸைப் பிடித்துக்கொண்டே ஏற்றினால் சோதனை நிலைக்குப் போகும், எந்தக் குரல் ஒலிக்கிறது என்று திரை எண்ணைக் காட்டும். குற்றவாளி பெரும்பாலும் 80017ஏ சிப். அதன் மேல் பூசிய கருப்புப் பிசின் காலப்போக்கில் மின்சாரத்தைக் கசியவிடத் தொடங்குகிறது. சிப்பைக் கழற்றி, மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் சுத்த அசிட்டோனில் ஒன்றிலிருந்து மூன்று நாள் ஊற வைத்தால் பிசின் தோலாக உரியும். கத்தியால் நெம்பினால் அடியிலுள்ள கடுகளவு பாகங்களும் சேர்ந்து வந்துவிடும். பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், கரைந்துவிடும். அசிட்டோன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், சாமி விளக்கு எரியும் அறையில் இந்த வேலையே கூடாது.

1981-இன் கோர்க் பாலிசிக்ஸில் இருப்பது சார்ஜ் ஆகும் நிக்கல்-காட்மியம் பேட்டரி. கேஎல்எம்-367 போர்டில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் அது கசிந்துவிட்டது. கசிவு காரத்தன்மை உள்ளது, அதனால் வெள்ளை வினிகரால் துடைத்து, பிறகு தண்ணீர், கடைசியில் ஆல்கஹால். அங்கே லித்தியம் பேட்டரி வைப்பதானால் ஒரு டையோடு கட்டாயம், கோடு போட்ட முனை சர்க்யூட் பக்கம். இல்லாவிட்டால் கருவி லித்தியத்தைச் சார்ஜ் செய்யப் பார்க்கும், அது ஆபத்து.

வைக்கும் இடம்

பிளாஸ்டிக் ஷீட்டில் இறுக்கிச் சுற்றி வைப்பதுதான் நம் ஊரில் கருவிகளை அதிகம் கெடுக்கிறது. பகல் வெயிலில் உள்ளே சூடாகி, சாயங்கால மழையில் குளிர்ந்து, ஈரம் போர்டிலேயே வியர்க்கும். பருத்தித் துணி போர்த்தி, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகள் வைத்து, நீலம் மாறியதும் சட்டியில் லேசாக வறுத்து மறுபடி போடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை அரை மணி நேரம் ஏற்றி வையுங்கள், கருவியின் சொந்தச் சூடே உள்ளிருக்கும் ஈரத்தை விரட்டும். இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கோடு மிடி கேபிளையும் ஆடியோ கேபிளையும் உருவிவிடுங்கள், மின்னல் கம்ப்யூட்டர் வழியாகவும் வரும்.