சூட்டில் நிறுத்தினால் மறுபடி பிடிக்காத பொக்லைன்

கிணத்துக்கடவு, வாளையாறு பக்கக் கல்குவாரிகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. காலையில் ஒரே செல்பில் பிடிக்கும் வண்டி, மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தால் பிடிக்காது. எடுத்தவுடன் டீசல் பம்பைக் கழற்றவே கூடாது.

இன்ஜின் மந்தமாகச் சுற்றினால் பேட்டரி டெர்மினல், எர்த் வயர், செல்ப் மோட்டார் பாருங்கள். நன்றாகச் சுற்றியும் சைலன்சரில் புகையே வராவிட்டால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை.

டீசல் லைனில் இருக்கும் கைப்பம்பை அடித்தபின் பிடிக்கிறதா? அப்படியானால் டீசல் டேங்குக்கே திரும்பி இறங்குகிறது. டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்புக்கு முன்னால், உள்ளே ஓடுவது தெரியும் கண்ணாடி ஹோஸ் ஓரடி போட்டு ஓடவிடுங்கள். குமிழி ஓடினால் டேங்க் பக்கம் ஏர் வாங்குகிறது. இந்த லைனில் உறிஞ்சல் இருப்பதால் வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது. பலர் ஏமாறுவது இங்கேதான். டீசலில் தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செப்பரேட்டரின் ஓ-ரிங்கையும், பைப்பை இணைக்கும் பேன்ஜோ போல்ட்டின் செம்பு வாஷரையும் புதிதாகவே போடுங்கள். கிளாம்புக்கு அடியில் ஹோஸ் வெடித்திருக்கிறதா என்று வளைத்துப் பாருங்கள்.

குமிழியே இல்லை, ஆறினால் மட்டும் பிடிக்கிறது என்றால் டீசலை அழுத்தி இன்ஜெக்டருக்கு அனுப்பும் ரோட்டரி பம்பின் தேய்மானம்தான் என் முதல் சந்தேகம். சூட்டில் டீசல் இளகி, தேய்ந்த இடுக்கு வழியாக நழுவுகிறது. இன்ஜினை நிறுத்தி, பம்ப் மேல் ஈரச் சாக்கைப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். பிடித்தால் பம்ப் பெஞ்சுக்கு, அதாவது பம்ப் சோதிக்கும் கடைக்கு, போகவேண்டியதுதான்.

காமன் ரயில் வண்டியில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசல் அதிக அழுத்தத்தில் நிற்கும் வண்டியில், பிரஷர் பைப்பைத் தளர்த்தாதீர்கள். டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் (டேங்குக்குத் திரும்பும் டீசலை) தனித்தனி பாட்டிலில் பிடியுங்கள். மற்றவற்றைவிட வேகமாக நிரம்பும் பாட்டில் எதுவோ, அந்த இன்ஜெக்டரைக் கழற்றுங்கள்.