டைனோவில் காரைக் கட்டுவது: நான் செய்யும் முறை

டைனோ என்பது காரின் சக்கரங்களை ரோலர் மேல் ஓடவிட்டுத் திறனை அளக்கும் இயந்திரம்; கார் நகராமல் இருக்க அதைப் பெல்ட்டால் தரையோடு கட்டுவோம். டைனோ ரோலர் மேல் ஓடும் கார் முன்னால் பாய்ந்துவிடும் என்றுதான் எல்லாரும் பயப்படுவார்கள். பல வருடமாக ரோலர் பக்கத்திலேயே நிற்கிறவன் நான். என் பயம் வேறு: கார் பக்கவாட்டில் நகர்வது. முன்னால் இழுக்கிற விசையைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பக்கவாட்டு நகர்வுக்குக் கணக்கு கிடையாது.

அந்தக் கணக்கு இதுதான். சக்கரத்தில் 150 கிலோவாட், அதாவது சுமார் 200 குதிரைத்திறன், மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்தால் கார் முன்னுக்கு இழுக்கும் விசை ஏறக்குறைய 550 கிலோ எடைக்குச் சமம். அதே திறன் மேல் கியரில் 150 கிலோமீட்டரில் வந்தால் 370 கிலோதான். டார்க் உச்சத்தில் இன்னும் கொஞ்சம் கூடும். வேகம் கூடினால் பெல்ட்டுக்குப் பாரம் கூடும் என்று நினைப்பவர்கள் நிறைய பேர். பெல்ட்டைப் பொறுத்தவரை கீழ் கியர்தான் முரட்டுப் பிள்ளை.

ஏற்றுவதற்கு முன் டயரைப் பார்த்துவிடுவேன். பக்கச் சுவரில் இருக்கும் தயாரிப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். பழைய டயர், வெடிப்பு, வீக்கம் இருந்தால் வண்டியை ஏற்றவே மாட்டேன். டயர் பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டிகள்) இடுக்கில் சிக்கிய கல்லை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுங்கள். ரோலரில் அது தோட்டா மாதிரி தெறிக்கும். வீல் நட் டைட், காற்று அளவு, இரண்டையும் சொல்ல வேண்டியதில்லை.

பெல்ட்டில் லேபிள் இல்லையென்றால் ஓரமாகப் போடுங்கள். 50 மில்லிமீட்டர் அகல ராட்செட் பெல்ட்டில் (கைப்பிடியை ஆட்டி இறுக்கும் பெல்ட்) பெரும்பாலும் எல்சி, அதாவது கட்டும் தாங்குதிறன், 2500 டெக்காநியூட்டன் என்று இருக்கும். நேராக இழுத்தால் சுமார் 2500 கிலோ தாங்கும் என்று அர்த்தம். அது புது பெல்ட்டுக்கு. ஓரத்தில் வெட்டு, தீய்ந்த தடம், முடிச்சு, இதில் எது இருந்தாலும் அந்த எண்ணை நம்பாதீர்கள்.

எங்கே மாட்டுவது? டார்ச்சோடு கீழே படுத்துப் பாருங்கள். சப்ஃப்ரேம் (இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் சட்டம்), லோயர் ஆர்ம் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கை), ஆக்சில், கம்பெனி கொடுத்த கட்டும் கண் ஆகியவை சரி. டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் கம்பி), ஸ்டெபிலைசர் பார் (கார் சாயாமல் தடுக்கும் கம்பி), பிரேக் பைப்புக்குப் பக்கம் கொக்கியே போகக்கூடாது. பம்பரில் திருகி மாட்டும் டோ ஹூக் நேர் இழுப்புக்குச் செய்தது. சாய்த்து இழுத்தால் வளையும். முடிந்தால் சஸ்பென்ஷனுக்குக் கீழே இருக்கும் பாகத்தில் கட்டுவேன். பாடியில் கட்டினால், ஆக்சிலேட்டர் மிதித்ததும் பின்பக்கம் அமுங்கி, இறுக்கமாக இருந்த பெல்ட் தொளதொளக்கும்.

பெல்ட் தரையோடு படிந்து போவது நல்லது. 60 டிகிரி சரிவில் கட்டினால் இழுப்பில் பாதிதான் காரைப் பின்னுக்குப் பிடிக்கும். அதைவிட அதிகம் டயரை ரோலரில் போட்டு அழுத்தும். டயர் சூடாகும், ரீடிங்கும் குறையும். அப்புறம் ஓனர் நம்மைத்தான் திட்டுவார்.

பின்சக்கர வண்டிக்கு, அதாவது இன்ஜின் பின்சக்கரத்தை ஓட்டும் வண்டிக்கு, பின்னால் இரண்டு பெல்ட், வெளிப்பக்கமாக விரித்து. முன்னால் இரண்டு, ரோலரில் பிரேக் பிடித்தால் கார் பின்னுக்குத் தள்ளப்படும், அதற்கு இவை. முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் உருளாமல் தடுக்கும் கட்டை. ஹேண்ட்பிரேக் பின்சக்கரத்தில் என்றால் அதைத் தொடவே கூடாது. முன்சக்கர வண்டிக்கு நேர் எதிர்: பின்னால் கட்டையோடு ஹேண்ட்பிரேக்கும் போடலாம். ஆனால் முன்னால்தான் வேலை அதிகம். ஓடுகிற சக்கரமே திரும்புகிற சக்கரமாகவும் இருப்பதால், ஸ்டீயரிங் நூலளவு கோணினாலும் கார் ஓரமாகத் தவழும். அதனால் முன் பெல்ட்டை இடமும் வலமுமாக விரித்துக் கட்டுவேன்.

முதலில் பாதி இறுக்கம் மட்டும். பிறகு மணிக்கு 20, 30 கிலோமீட்டரில் மெதுவாக உருட்டச் சொல்வேன். கார் தானாகவே தன் நேர்கோட்டைத் தேடி உட்காரும். அங்கே நிறுத்தி, அப்புறம்தான் முழு இறுக்கம். ராட்செட் உருளையில் பட்டை இரண்டு சுற்றாவது சுற்றியிருக்க வேண்டும். ராட்செட் ஓரத்தில் பட்டை மேல் மார்க்கரால் ஒரு கோடு, ஓடாத சக்கரத்தின் ஓரமாகத் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு.

சாக்பீஸ் பழக்கம் ஒரு முன்சக்கர வண்டியால் வந்தது. முதல் ஓட்டத்தில் கொக்கி ஒன்று தன் இடத்தில் கொஞ்சம் அமர்ந்து, இடப்பக்கப் பெல்ட் தளர்ந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. இரண்டாவது ஓட்டத்தில் ரப்பர் தீயும் வாடை. நிறுத்திப் பார்த்தால் கார் ஒரு சாண் நகர்ந்து, டயர் ரோலரின் பக்கத் தகட்டில் உரசிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லாப் பெல்ட்டையும் கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

ஓடும்போது காருக்கு முன்னாலோ பின்னாலோ, ரோலருக்கு நேராகவோ யாரும் நிற்கக்கூடாது, வீடியோ எடுக்கிற நண்பர் உட்பட. புகையை வெளியே உறிஞ்சும் குழாய் ஓடட்டும், தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்தால் போதும். முடிக்கும்போது காலை எடுத்துவிட்டு ரோலர் தானாகத் தணியட்டும், பிரேக்கை அழுத்த வேண்டாம்.

கழற்றும்போது ரோலர் நின்று அதன் பூட்டு விழுந்த பிறகு பெல்ட், கடைசியில் கட்டை. ராட்செட்டைத் திறக்கும்போது முகத்தை அதற்கு நேரே வைக்காதீர்கள். இழுப்பு விடும்போது கைப்பிடி பட்டென்று எகிறும்.