பிளாஸ்டிக்கை எடைக்குப் போடும் முன் ஒரு வாளித் தண்ணீர்

போன மாதம் இரண்டு மூட்டை பிளாஸ்டிக்கை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வில்லிவாக்கத்தில் ஒரு காயலான் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூட்டையைக் கவிழ்த்து, காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "அக்கா, பாதிக்கு மேல ஓடாது. எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார். அந்த எரிச்சலில் கற்றுக்கொண்டதுதான், பிளாஸ்டிக்கை வகைவகையாகப் பிரிக்கும் இந்த வழி. மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிக்கத் தெரியும்தானே? அதற்கு அடுத்ததிலிருந்து தொடங்குகிறேன்.

1. பாட்டில், டப்பாவின் அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும். 1 என்றால் பெட் (PET), அதாவது தண்ணீர் பாட்டில். 2 எச்டிபிஇ, ஷாம்பு பாட்டில். 4 எல்டிபிஇ, பால் கவர் வகை. 5 பிபி, ஹோட்டல் பார்சல் டப்பா. 3 பிவிசி, 6 தெர்மோகோல் வகையறா. 7 மற்றதெல்லாம்.

2. பால் கவர். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1-இல் வந்த பிளாஸ்டிக் தடையில் இதற்கு விலக்கு உண்டு, அதனால் தினமும் சேரும். முனையைத் துண்டாக வெட்டி எறியாமல் கீறி ஊற்றுங்கள். அலசி, துணிக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் போதும். இதற்கென்று விற்கும் ஸ்டாண்டெல்லாம் தண்டச் செலவு.

3. எண் இல்லையா? வாளி. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். நகம் அளவுக்கு ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போடுங்கள். 2, 4, 5 மிதக்கும். 1, 3, 6 மூழ்கும் (நுரையாக ஊதிய தெர்மோகோல் மட்டும் மிதக்கும்). எனக்கோ எல்லாமே மிதந்தது, 1 என்று அச்சடித்த பாட்டில் துண்டு உட்பட! துண்டு சிறியது என்பதால் தண்ணீரின் மேற்பரப்பே அதைத் தாங்கிக்கொள்கிறது. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு விட்டு, விரலால் அழுத்தி, ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழியை உதறிவிடுங்கள். பெட் துண்டு சட்டென்று அடிக்குப் போகும். அதே பாட்டிலின் மூடியைப் போட்டால் மேலே வந்து நிற்கும். மூடி வேறு பிளாஸ்டிக்.

ஆலையிலும் இதே வித்தைதான். பாட்டிலைச் சில்லுச் சில்லாக அரைத்து, காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் கழுவி, தொட்டியில் விடுகிறார்கள். மூடிச் சில்லு மேலே ஒதுங்கும், பெட் அடியில் தங்கும். அதை உருக்கி இழுத்தால் பாலியஸ்டர் நூல். சிக்கல் பிவிசியில்: அதுவும் பெட்டோடு சேர்ந்து மூழ்கிவிடும். பெட் உருகும் சூட்டில் பிவிசி சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கக்கி மொத்தச் சரக்கையும் பழுப்பாக்கிவிடும். அதனால் பாட்டிலை இறுக்கிப் பிடித்திருக்கும் லேபிளை உரித்துவிடுங்கள். சில லேபிள்கள் பிவிசி.

4. சிப்ஸ் பாக்கெட். மிதந்தாலும் ஏமாறாதீர்கள். பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது, பிரிக்க முடியாது. மிஞ்சிப் போனால் சிமென்ட் ஆலைச் சூளையில் எரிபொருள். இல்லாவிட்டால் சென்னையின் கொடுங்கையூர் குப்பை மேடு. தனிப் பையில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுத்துவிடுங்கள்.

பிற்சேர்க்கை: 5 என்று போட்ட டப்பா மூழ்குகிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். சுண்ணாம்புத் தூள் மாதிரி எதையாவது கலந்திருந்தால் கனம் கூடி மூழ்கும். எண் இருந்தால் எண்ணையே நம்புங்கள்.

இந்த முறை கடைக்காரர் கறுப்புப் பார்சல் டப்பாக்களை மட்டும் திருப்பித் தந்தார். கறுப்பை உருக்கினால் கறுப்பாகத்தான் வரும், விலை போகாதாம். இப்போதெல்லாம் பிரியாணிக்குத் தூக்குச்சட்டி கொண்டுபோகிறேன்.