பைக் பெட்டி மூடியில் நாலு வளையம்

பைக்கின் அலுமினியப் பெட்டி மூடியில், நாலு மூலைக்கும் சற்று உள்ளே தள்ளி, மூலைக்கொரு 6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஐ-போல்ட் (தலையில் வளையம் உள்ள போல்ட்) போட்டுவிடுங்கள். மழைக்கோட்டு, தூக்கப் பை, சின்னக் கூடாரம் எல்லாவற்றையும் மூடிமேலேயே பட்டை போட்டுக் கட்டிக்கொள்ளலாம். நாலும் மூடியிலேயே இருப்பதால், கட்டை அவிழ்க்காமல் பெட்டியைத் திறக்கலாம். கேரள எல்லையில் குமுளி செக்போஸ்ட்டில் திறந்து காட்டச் சொன்னாலும் சிரமமில்லை.

சூட்சுமம் வாஷரில்தான் இருக்கிறது. மூடித் தகடு மெல்லியது, சாதாரண வாஷர் என்றால் இழுவை முழுவதும் துளையைச் சுற்றியே விழுந்து தகடு குழிந்துவிடும். உள்பக்கம் அகலமான வாஷர் வைத்தால் பாரம் பரவும். வெளியே ரப்பர் வாஷரும் கொஞ்சம் சிலிகானும் கட்டாயம். கம்பம் ஊரில் வெயில் அடிக்கும்போதே மலைக்கு அந்தப்பக்கம் கேரளாவில் ஜூன், ஜூலையில் மழை கொட்டும், துளை வழியே நீர் இறங்கினால் துணி அத்தனையும் நனைந்துவிடும். நட்டு, உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக்காக இருக்கட்டும், கொண்டை ஊசி வளைவு அதிர்விலும் கழலாது. துளையிட்டதும் பிசிறை அரத்தால் தேய்த்துவிடுங்கள். அப்புறம் உள்ளே நீட்டும் போல்ட் முனை துணியைக் கிழிக்காமல் இருக்க, ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகினால் போதும்.

பிளாஸ்டிக் பெட்டிக்கு இது வேண்டாம், துளையிலிருந்து விரிசல் ஓடும். தண்ணீர் கேன், டூல்ஸ் போன்ற கனமான சாமானையும் மூடிமேல் ஏற்றாதீர்கள்; கீலும் பூட்டும் தாங்காது, வளைவில் வண்டியும் மேல்பாரத்தால் தள்ளாடும்.