மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டுப் பயணம்: சிறு குழுவில் சேர்வது எப்படி?

சிறு கொடியை உயர்த்திப் பிடித்த வழிகாட்டியின் பின்னால் வெளிநாட்டவர் வரிசையாக நடந்து செல்வதைச் சித்திரை வீதிகளில் நாம் அன்றாடம் பார்க்கிறோம். சில குழுக்கள் ஆயிரங்கால் மண்டபத்தை அரை மணியில் முடித்துக்கொண்டு பேருந்துக்கு விரைகின்றன. பத்துப் பன்னிரண்டு பேரே உள்ள வேறு சில குழுக்களோ, புது மண்டபத்தில் ஒரே தூணின் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டு, இரவு சொக்கநாதர் பள்ளியறைக்கு எழுந்தருளும் வேளை வரை கோயிலிலேயே இருக்கின்றன. நாம் வெளிநாடு போகும்போது இரண்டாவது வகைக் குழுவில் இடம்பிடிப்பது எப்படி என்பதை, முதல் முறை செல்வோருக்காக எழுதுகிறேன்.

முதல் படி: பாஸ்போர்ட்டில் பெயர்

பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்தோடு வாழும் நமக்கு முதல் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பாஸ்போர்ட்டில் தலைப்பெழுத்தை அப்படியே போட இயலாது. விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் என்று நமக்குத் தனியாக ஒன்று இல்லாததால், அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுவோர் பலர். ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோதுதான் அந்த வெற்றுக் கட்டத்தின் விலை தெரிந்தது. ஆகவே புதிதாக விண்ணப்பிப்போர் தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடுவது நல்லது. ஆதார், பாஸ்போர்ட், விமானச் சீட்டு மூன்றிலும் எழுத்துக்கூட்டல் ஒத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய்; தத்கால் என்றால் மேலும் 2,000 ரூபாய் ஆகும். ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தால், அது பயணத் தேதிக்குப் பின்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும்.

இரண்டாம் படி: நாட்டைத் தேர்ந்தெடுத்தல்

முதல் பயணத்துக்கு இலங்கையையே நான் பரிந்துரைப்பேன். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேரடியாகவே பறக்கலாம். பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை. பெயர்ப் பலகைகளில் தமிழும் இருக்கும். ஐரோப்பா அடுத்த முறைக்கு இருக்கட்டும்: அங்குள்ள பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு விரல்ரேகை பதிய விண்ணப்ப மையத்துக்கு நேரில் போய்வர வேண்டும், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும்.

மூன்றாம் படி: பயணத் திட்டத்தைக் கடிகாரத்தோடு படித்தல்

இந்தப் படிக்கு ஒரு மாலைப் பொழுதையே ஒதுக்குங்கள். “கட்டுநாயக்க விமான நிலையம், சிகிரியா, தம்புள்ளை, இரவு கண்டி” என்று முதல் நாளுக்கு ஒரே வரியில் அச்சிட்டிருப்பார்கள். படிக்க அழகாக இருக்கும் அந்த வரியை மணிக்கணக்கில் பிரித்துப் பாருங்கள். கொழும்பு விமானங்கள் இறங்கும் கட்டுநாயக்கவிலிருந்து சிகிரியா சுமார் 150 கிலோமீட்டர். வேனில் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். சிகிரியா என்பது ஒரு பாறைக் கோட்டை; அதில் ஏறக்குறைய 1,200 படிகள் இருப்பதால், ஏறி இறங்க மூன்று மணி நேரம் வேண்டும். அங்கிருந்து கண்டிக்கு இன்னும் மூன்று மணி நேரம். சாப்பாட்டுக்கும் தம்புள்ளைக் குகைக் கோயிலுக்கும் ஒரு நிமிடம்கூட ஒதுக்காமலே பத்து மணி நேரம் போய்விட்டது.

இந்தக் கணக்கைப் போடாமல்தான் நான் முதல் முறை போனேன். “சிறு குழு” என்று சொல்லி எங்கள் முப்பத்தெட்டுப் பேரைப் பேருந்தில் ஏற்றினார்கள். சிகிரியாவை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினோம். அன்று மாலை ஒரு ரத்தினக்கல் கடையில் மட்டும் ஒன்றரை மணி நேரம் உட்காரவைக்கப்பட்டோம்.

மறுமுறை பதினோரு பேருடன் போனபோது சிகிரியாவுக்குப் பக்கத்து ஊரில் இரண்டு இரவுகள் தங்கி, வெயில் ஏறுமுன் படியேறினோம். ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் எழுப்பிய அந்தக் கோட்டையில், கண்ணாடிபோல் மெருகேற்றியதால் கண்ணாடிச் சுவர் எனப்படும் சுவரில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அதைக் காண வந்தவர்கள் கீறிவைத்த கவிதைகளை வழிகாட்டி காட்டினார். நம்மைப் போலவே ஊர் பார்க்க வந்து, மேலே ஓவியத்தில் நிற்கும் பெண்களிடம் மனத்தைப் பறிகொடுத்தவர்கள்! முப்பத்தெட்டுப் பேர் நின்றால் அந்த ஒடுங்கிய பாதையில் இந்தக் கதை கடைசி ஆளின் காதுக்கு எட்டியிருக்காது.

எனவே, எட்டு முதல் பதினாறு பேருக்குள் இருக்கும் குழுவைத் தேடுங்கள். அதிகபட்ச எண்ணிக்கையை எழுத்தில் கேளுங்கள். ஒரே இடத்தில் இரண்டு இரவுகள் தொடர்ந்து தங்கும் திட்டம் எனக்குப் பிடிக்கும். கடைகளுக்குக் கட்டாயம் போக வேண்டுமா என்றும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: பணம் கட்டுவதற்கு முன்

விளம்பரத்தில் வரும் தொகை பெரும்பாலும் ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் சொல்லப்படுவது. தனியாகச் செல்வோர் கூடுதலாகக் கட்டவேண்டியது எவ்வளவு, அல்லது தங்களைப் போன்ற இன்னொருவரோடு அறையைப் பகிர இயலுமா என்று கேட்க வேண்டும். விமானச் சீட்டு, விசா, நுழைவுச் சீட்டுகள், மதிய உணவு, ஓட்டுநருக்கான டிப்ஸ் ஆகியவற்றில் எவை தொகையில் அடங்கும், எவை அடங்கா என்ற பட்டியலை வாங்கிக்கொண்டு பிறகு விலைகளை ஒப்பிடுங்கள். மலிவாகத் தெரிந்த தொகுப்பு அங்கேதான் பெரும்பாலும் விலை ஏறும். புறப்படுவதற்கு எத்தனை நாள் முன்பு ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பெட்டி

பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் இல்லாமல் நம்மவர் கிளம்புவதில்லை. புளிக்காய்ச்சல், ஊறுகாய், நல்லெண்ணெய் மூன்றையும் நன்றாக மூடிக்கட்டிச் சரக்குப் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் புட்டிகளைத் தடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் மட்டும் இதற்கு நேர்மாறாகக் கைப்பையில்தான் இருக்க வேண்டும். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்கள் கசகசாவைத் தொடவே வேண்டாம். நம் அடுக்களையில் குருமாவுக்கு அரைக்கும் அந்தப் பொருள் அங்கே போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வரும். மருந்துகளுடன் மருத்துவரின் சீட்டும் இருக்கட்டும்.

திரும்பிய பின்

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்குப் பணம் கட்டும்போது டிசிஎஸ் என்ற வரியையும், அதாவது விற்பவரே முன்கூட்டி வாங்கி உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டும் வருமான வரியையும், சேர்த்து வசூலிப்பார்கள். அதன் விகிதம் அவ்வப்போது மாற்றப்பட்டு வந்திருப்பதால், கட்டும் நாளில் எவ்வளவு என்று கேட்டு, உங்கள் பான் எண்ணோடு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். அது உங்கள் கணக்கில் நிற்கும் பணம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது அதைக் காட்டி வரியில் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லாதவர்கள் திரும்பப் பெறலாம். ரசீதைப் பாஸ்போர்ட் உறைக்குள்ளேயே வைத்திருந்தால் கணக்கு தாக்கல் செய்யும் மாதம் வீட்டைப் புரட்டிப்போட வேண்டியிராது.